விஷ அம்புத் தவளையை வீட்டில் வளர்க்கலாமா? பிரிஞ்சாங் குளிரில் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீல உடலில் கறுப்புப் புள்ளிகள், மஞ்சளில் கறுப்புப் பட்டைகள், பச்சையும் கறுப்பும் கலந்து மின்னும் முதுகு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத இந்தத் தவளைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் காட்டில் உட்கார்ந்திருக்கும் வீடியோக்களைச் சமூக ஊடகங்களில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் "நாமும் ஒன்று வளர்க்கலாமே" என்று தோன்றுவது இயல்புதான்.

கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வர இன்னொரு காரணமும் உண்டு. கோலாலம்பூர், கிள்ளான் போன்ற இடங்களில் இந்தத் தவளையை வளர்ப்பவர் முதலில் போராட வேண்டியது வெயிலோடு. பிரிஞ்சாங்கில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால், தவளைக்குப் பிடித்த அதே குளிர் இன்னொன்றுக்கும் பிடிக்கும். உலகம் முழுவதும் தவளைகளைக் கொன்றுவரும் ஒரு பூஞ்சைக்கும் அது ஏற்ற குளிர்.

இந்தத் தவளைகள் எங்கிருந்து வருகின்றன, வீட்டில் வளர்க்க என்னென்ன வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, நம் மலைக்காட்டுக்கு இதனால் என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விஷ அம்புத் தவளை என்றால் என்ன?

இவை மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் 'டென்ட்ரோபாட்டிடே' குடும்பத்துத் தவளைகள். ஏறக்குறைய 200 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பகலில் நடமாடுபவை. "என்னைச் சாப்பிடாதே, நான் நஞ்சு" என்று எதிரிகளை எச்சரிப்பதற்குத்தான் அந்தப் பளிச்சென்ற நிறம்.

பெயரில் 'அம்பு' இருந்தாலும், எல்லா இனங்களும் அம்புக்குப் பயன்படவில்லை. கொலம்பியாவில் வாழும் எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவியது 'ஃபைலோபேட்டஸ்' வகையைச் சேர்ந்த மூன்று இனங்களின் நஞ்சை மட்டுமே. அவற்றில் மிகக் கொடியது, 1978-இல் அறிவியல் பெயர் பெற்ற 'ஃபைலோபேட்டஸ் டெரிபிலிஸ்' என்ற தங்க நிறத் தவளை. ஒரு தவளையின் தோலில் சுமார் ஒரு மில்லிகிராம் நஞ்சு இருக்கும் என்றும், அது பத்து பேரைக் கொல்லப் போதும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

ஊதுகுழல் என்றதும் கேமரன் மலைக்காரர்களுக்குச் செமாய் பூர்வகுடி மக்களின் 'சும்பிட்' நினைவுக்கு வரும். அந்த அம்பில் இருப்பது மரத்தின் நஞ்சு. ஈப்போ மரத்தின் பாலைக் காய்ச்சி அம்பு முனையில் தடவுவார்கள். ஈப்போ நகரத்தின் பெயரே இந்த மரத்திலிருந்து வந்ததுதான். இரண்டு கண்டங்களில், ஒன்றையொன்று அறியாத மக்கள், ஒரே மாதிரிக் கருவிக்கு ஒரு பக்கம் தவளையையும் மறுபக்கம் மரத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் வளர்த்தால் விஷம் இருக்குமா?

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: வளர்ப்பில் பிறந்து, வளர்ப்பு உணவையே சாப்பிட்ட தவளையிடம் அந்த நஞ்சு இருக்காது.

இந்தத் தவளைகள் நஞ்சைத் தாங்களாகவே தயாரிப்பதில்லை. காட்டில் சாப்பிடும் எறும்பு, சிறு உண்ணி, வண்டு போன்றவற்றிலிருந்து கிடைக்கும் ஆல்கலாய்டு எனும் வேதிப்பொருள்களைத் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஜான் டேலி, பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தவர். 'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. இந்தத் தவளைக்கோ வாய் வழியாக வருவதுதான் பாதுகாப்பே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காட்டில் பிடிக்கப்பட்ட தவளை, பெட்டிக்குள் வந்தவுடன் நஞ்சை இழந்துவிடாது. பல ஆண்டுகள்கூட அது தோலில் தங்கியிருக்கும். எனவே "எங்கே பிறந்தது?" என்ற கேள்வி சட்டத்துக்காக மட்டும் கேட்கும் கேள்வி இல்லை, உங்கள் பாதுகாப்புக்கானதும்கூட.

விஷம் இல்லையென்றாலும் கையில் எடுத்து விளையாடக்கூடாது. தவளையின் தோல் தண்ணீரையும் காற்றையும் உறிஞ்சும் தோல். நம் கையில் இருக்கும் சோப்பு, கொசு விரட்டி, வியர்வை உப்பு எல்லாம் நேராக உள்ளே போய்விடும். இது பார்த்து ரசிக்கும் உயிர். தொட்டுக் கொஞ்சத்தான் வேண்டும் என்றால் பூனை வளர்ப்பது நல்லது.

பிரிஞ்சாங் குளிர் போதுமா, அதிகமா?

வளர்ப்பில் பரவலாக இருப்பவை டென்ட்ரோபேட்டஸ் டிங்டோரியஸ், லூக்கோமெலாஸ், ஔராட்டஸ் ஆகிய மூன்று இனங்கள். இவற்றுக்குப் பகலில் 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. 30 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுவது சாதாரணம் என்பதால், அங்கே வளர்ப்பவர்கள் குளிர்சாதனத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். ஒரு மதியம் மின்சாரம் தடைப்பட்டால்கூடத் தவளைகள் செத்துப்போகலாம்.

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு அருகில் இருக்கிறது. பகலில் 22 முதல் 24 பாகை, இரவில் 15, 16 பாகை என்பது இங்கே வழக்கமான வானிலை. தானா ராத்தாவில் 1978 பிப்ரவரியில் 7.8 பாகைவரை இறங்கியதும் உண்டு. வீட்டுக்குள் வெளியை விடக் கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருக்கும். இரவில் 17, 18 பாகைவரை இறங்குவதை இந்தத் தவளைகள் தாங்கும். ஆனால் மழைக்காலத்தில், பலகை வீட்டிலோ பழைய லயத்து வீட்டிலோ, அறையே நாள் முழுக்க 16 பாகையில் இருந்தால் தவளை சுருண்டு உட்கார்ந்துவிடும், சாப்பிடாது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. பெட்டியை ஜன்னல் பக்கம் வைக்காமல் உள்சுவர் பக்கம் வையுங்கள். செடிகளுக்காகப் போடும் எல்இடி விளக்கே ஓரிரு பாகை கூட்டிக் கொடுக்கும். அதுவும் போதாவிட்டால், சிறிய வெப்பத் தகட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். பெட்டிக்கு அடியில் வைத்தால் மண் சூடாகி, அதில் ஒளியும் தவளையை வேகவைத்துவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்?

இப்படி உயிர்ச்சூழலோடு அமைக்கும் பெட்டியை 'விவேரியம்' என்கிறார்கள். ஒரு ஜோடித் தவளைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடிப் பெட்டி நல்ல தொடக்கம். உள்ளே அடியிலிருந்து மேலாக இப்படி அமைக்கலாம்:

• வடிகால் அடுக்கு: சுட்ட களிமண் உருண்டைகள், சுமார் 5 சென்டிமீட்டர். தெளிக்கும் தண்ணீர் இங்கே தேங்கும்.

• வலை: மேலே உள்ள மண் கீழே இறங்காமல் தடுக்கும்.

• மண் கலவை: பன்னத்தண்டு நார், மரப்பட்டைத் துண்டு, கரி, பாசி நார் கலந்தது. தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் சேறாகக் கூடாது.

• சருகு: கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலைகள் மிகப் பொருத்தம். தவளைகள் ஒளிந்துகொள்ள இதுதான் வீடு.

• துப்புரவுப் படை: ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் எனப்படும் மிகச்சிறு உயிரிகள். கழிவையும் பூஞ்சணத்தையும் இவை தின்று தீர்க்கும். சில சமயம் தவளைக்கு நொறுக்குத் தீனியாகவும் ஆகும்.

• செடிகள்: புரோமிலியாட், பன்னம், படரும் கொடிகள். புரோமிலியாட் இலைக்கு நடுவே தேங்கும் தண்ணீரில்தான் பல இனங்கள் தலைப்பிரட்டைகளை விடுகின்றன. முட்டை பொரிந்ததும் அப்பா தவளையே பிள்ளைகளை முதுகில் சுமந்து தண்ணீர் தேடிப் போகும் காட்சியைப் பல இனங்களில் காணலாம்.

ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. மூடுபனி சூழும் பிரிஞ்சாங்கில் இது பெரிய சிரமமாக இருக்காது. உண்மையில் இங்கே கவனிக்க வேண்டியது காற்றோட்டம். எப்போதும் நீர் முத்துமுத்தாக ஒட்டியிருக்கும் பெட்டியில் தவளையின் தோலில் பாக்டீரியா நோய் வரும். ஒரு நாளில் சில மணி நேரமாவது கண்ணாடி காயும்படி மூடியில் வலை இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை அதற்கான மருந்து விட்டு நீக்கிய பிறகே தெளிக்க வேண்டும். மலையிலிருந்து குழாய் போட்டு வரும் ஓடைத் தண்ணீர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்கலாம், காட்டுத் தவளைகளின் நோய்க்கிருமியும் இருக்கலாம். வடித்த நீர் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

சாப்பாடு: உண்மையில் நீங்கள் வளர்க்கப்போவது ஈக்களைத்தான்

விஷ அம்புத் தவளை உயிருள்ள, அசையும், மிகச்சிறிய இரையை மட்டுமே சாப்பிடும். கடையில் விற்கும் உருண்டைத் தீனி உதவாது. உலகம் முழுவதும் இதற்குக் கொடுப்பது பறக்க முடியாத பழ ஈக்கள். பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் அதே டிரோசோஃபிலா.

வாழைப்பழம் அல்லது உருளைக்கிழங்கு மாவு, கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் வினிகர் கலந்து பாட்டிலில் போட்டு ஈக்களை விட்டால் அவை பெருகும். வளர்ந்த தவளை ஒன்றுக்கு ஒரு வேளைக்குச் சில டஜன் ஈக்கள் வேண்டும். போடுவதற்கு முன் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடியில் ஈக்களைப் புரட்ட வேண்டும். வைட்டமின் ஏ-யும் அவ்வப்போது தேவை. அது குறைந்தால் தவளையின் நாக்கு இரையைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். எதிரே ஈ நடந்து போகும், நாக்கை நீட்டியும் ஒட்டாது, தவளை பட்டினி கிடக்கும்.

பிரிஞ்சாங்கில் பலரும் எதிர்பார்க்காத சிக்கல் இங்கேதான். 25 பாகையில் ஒரு தலைமுறைப் பழ ஈ உருவாக ஏறக்குறைய 10 நாள் போதும். 18 பாகையில் அதற்கு 19 நாள்வரை ஆகும். அதாவது, தவளை குளிரில் சுகமாக இருக்கும், ஆனால் அதன் சாப்பாடு பாதி வேகத்தில்தான் வளரும். பெட்டியின் விளக்குக்கு மேலேயோ, குளிர்பதனப் பெட்டியின் மேலேயோ பாட்டில்களை வையுங்கள். வாரம் ஒரு புதிய பாட்டில் தொடங்குங்கள். ஒரு பாட்டில் கெட்டுப்போனாலும் அடுத்தது கைகொடுக்கும்.

"தோட்டத்துல இருக்கிற பூச்சியைப் பிடிச்சுப் போட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேமரன் மலையில் அதைச் செய்யவே கூடாது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் பூச்சி, இவ்வளவு சிறிய தவளைக்கு நஞ்சுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

டென்ட்ரோபேட்டஸ், ஃபைலோபேட்டஸ் வகைத் தவளைகள் 1987 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. வணிகம் முழுமையாகத் தடைசெய்யப்படவில்லை. ஆனால் எல்லை தாண்டும் ஒவ்வொரு தவளைக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

மலேசியாவில் இதை அமல்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம், அதாவது சட்டம் 686. அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யும் தனிநபருக்கு ஓர் உயிருக்கு 100,000 ரிங்கிட்வரை அபராதம், மொத்தமாக 10 லட்சம் ரிங்கிட்வரை போகலாம். ஏழு ஆண்டுவரை சிறையும் உண்டு. அப்படிக் கொண்டுவரப்பட்டதை வைத்திருப்பதும் குற்றம். "நான் கடத்தலை, ஆன்லைன்ல வாங்கினேன், அவ்வளவுதான்" என்பது தப்பிக்க உதவாது.

தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். இரண்டுக்கும் நீங்கள் அணுக வேண்டிய இடம் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. வாங்கிய பிறகு கேட்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே, இனத்தின் அறிவியல் பெயரைக் குறிப்பிட்டு, உரிமம் வேண்டுமா என்று எழுத்துமூலம் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பது ஏன்? 2024 ஜனவரியில் கொலம்பியாவின் போகோட்டா விமான நிலையத்தில் ஒரு பயணியின் பையில் 130 விஷ அம்புத் தவளைகள் பிடிபட்டன. புகைப்படச் சுருள் போடும் சின்ன டப்பாக்களில் அவற்றை அடைத்திருந்தார்கள். தவளைகள் நீர் வற்றிப்போய் இருந்தன. இப்படிக் கடத்தப்படும் தவளைகளில் பல வழியிலேயே சாகும். பிழைத்தது யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டிக்குப் போகும். காட்டில் பிடித்ததை வாங்க ஆள் இருக்கும்வரை இது நிற்காது.

பெரிய ஆபத்து: கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய விலங்கியல் பூங்காவில் நீல விஷ அம்புத் தவளைகள் செத்தன. காரணம் தேடியபோது, அதுவரை அறிவியல் அறிந்திராத ஒரு பூஞ்சை தவளையின் தோலில் கிடைத்தது. 1999-இல் அதற்கு 'பட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தவளைக் குடும்பத்தின் பெயரே நோயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. சுருக்கமாக, கைட்ரிட் பூஞ்சை.

இது தவளையின் தோலைத் தடிக்க வைத்து, உப்புகளை உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது. கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, குறைந்தது 501 நீர்நில வாழ்விகளின் எண்ணிக்கை சரிய இந்த நோய் காரணமாகியுள்ளது. அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே இதழில் வந்த மரபணு ஆய்வு, பூஞ்சையின் பூர்வீகத்தைக் கிழக்கு ஆசியாவில் கண்டது. உயிருள்ள தவளைகளை நாடு விட்டு நாடு விற்பதால் அது பரவுகிறது என்றும் எச்சரித்தது.

இந்தப் பூஞ்சை 17 முதல் 25 பாகைவரை நன்றாக வளரும். 28 பாகையைத் தாண்டினால் தடுமாறும். தாழ்நிலத்தின் வெயில் ஓரளவு காவலாக நிற்கிறது. பிரிஞ்சாங்கிலோ ஆண்டு முழுவதும் அதற்குத் தோதான வெப்பநிலைதான்.

2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, தீபகற்ப மலேசியாவில் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த தவளைகளில் இந்தப் பூஞ்சை இருப்பதை முதன்முதலாகப் பதிவு செய்தது. "ஏற்கெனவே இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கலாம். இந்தப் பூஞ்சையில் பல மரபுக் கிளைகள் உள்ளன. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று வந்தால், இங்குள்ள தவளைகளுக்குப் பழக்கமில்லாத கொடிய வகையாக அது இருக்கலாம்.

இழக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கேமரன் மலைக் காட்டில் கண்டறியப்பட்ட ஒரு சிறு தவளைக்கு, ஜப்பானிய ஆய்வாளர் மசாஃபுமி மட்சுய் 2009-இல் 'காலோஃப்ரைனஸ் யோங்கி' என்று பெயர் வைத்தார். ஆண் தவளையின் முன்னங்காலில் ஒரு விசித்திர முள் இருப்பது இதன் அடையாளம். பெயர் வைத்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. இப்படிச் சிறிய பரப்பில் வாழும் மலைத் தவளைக்கு, நோய் வந்தால் ஓடி ஒளிய வேறு மலை இல்லை.

அதனால் பெட்டித் தண்ணீரை என்ன செய்ய வேண்டும்?

பூஞ்சை பரவத் தவளையே வெளியே போக வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் ஊற்றினால் போதும். கேமரன் மலையில் அந்தக் கால்வாய் ஏதாவது ஓர் ஓடையில்தான் போய்ச் சேரும்.

• வடிகால் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு வீட்டுப் பிளீச் கலந்து, அரை மணி நேரம் வைத்த பிறகு, கழிவறையில் ஊற்றுங்கள். ஓடையிலும் மண்ணிலும் ஊற்றாதீர்கள்.

• பழைய மண், சருகு, செடிகளை வெயிலில் முழுமையாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்தப் பூஞ்சை காய்ந்தால் பிழைக்காது.

• புதிதாக வந்த தவளையை வேறு பெட்டியில், காகிதத் துணி விரித்து, குறைந்தது 30 நாள் தனியே வையுங்கள். அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும்.

• தோல் அளவுக்கு மீறி உரிவது, பின்னங்கால் விறைப்பது, சாப்பிடாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பது ஆகியவை அறிகுறிகள். ஆரம்பத்திலேயே கண்டால் கால்நடை மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்பு மருந்துக் குளியலால் காப்பாற்ற முடியும்.

காட்டுப் பாசியை எடுத்துவரலாமா?

குனோங் பிரிஞ்சாங்கின் பாசிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு, 'இதுதானே இயற்கையான விவேரியம்' என்று தோன்றும். அங்கிருந்து ஒரு பிடி பாசி, ஒரு குடுவைச் செடி எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நிரந்தர வனக்காப்பகத்திலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி குற்றம். குடுவைச் செடிகளும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளவை. மலை உச்சிப் பாசி மிக மெதுவாக வளர்வது, பிய்த்த இடம் பல ஆண்டு வெறுமையாகவே கிடக்கும். காட்டுப் பாசியோடு காட்டுக் கிருமியும் உங்கள் பெட்டிக்குள் வரும் என்பது தவளைக்கான காரணம். நாற்றுப் பண்ணைகளில் வளர்த்து விற்கும் செடிகளே போதும். அவற்றையும் நன்றாகக் கழுவி, பூச்சிமருந்து எச்சம் போகச் சில வாரங்கள் தனியே வைத்து, பிறகு நடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால்?

இந்தத் தவளைகள் வளர்ப்பில் 10 முதல் 15 ஆண்டுவரை வாழும். இன்று நீங்கள் ஐந்தாம் படிவம் என்றால், வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆகும்வரைகூட அது உங்களோடு இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வெளியூர் போனால் வீட்டில் யார் ஈ வளர்ப்பார்கள் என்று இப்போதே பேசிவையுங்கள். தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போவது பிரச்சினை இல்லை. வளர்ந்த, நல்ல நிலையில் உள்ள தவளை அதைச் சமாளிக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விடாதீர்கள். கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்று 1932-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஔராட்டஸ் தவளைகளை விட்டார்கள். அவை இன்னமும் அங்கே வாழ்கின்றன. ஈரமும் மிதமான குளிரும் உள்ள பள்ளத்தாக்கு அவற்றுக்குப் போதும். பிரிஞ்சாங்கிலும் அப்படிப் பள்ளத்தாக்குகளுக்குக் குறைவில்லை. வளர்க்க முடியாவிட்டால் பெர்ஹிலித்தானைத் தொடர்புகொள்ளுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது வளர்ப்பில் பிறந்ததா? யார் வளர்த்தது, எப்போது பிறந்தது என்று விற்பவர் எழுதித் தருவாரா?

2. இறக்குமதி அனுமதியின் நகல் இருக்கிறதா? பெர்ஹிலித்தான் என்ன சொன்னது?

3. கைட்ரிட் பரிசோதனை செய்யப்பட்டதா? தோலில் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் எளிய சோதனை அது.

4. கடந்த இரண்டு மாதமாகப் பழ ஈ வளர்ப்பை நிறுத்தாமல் செய்ய உங்களால் முடிந்ததா? தவளைக்கு முன் ஈயை வளர்த்துப் பாருங்கள். அதிலேயே சலிப்பு வந்தால், பதில் கிடைத்துவிட்டது.

5. நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்? மலையிலிருந்து இறங்கி ஈப்போ, கோலாலம்பூர்வரை போக வேண்டியிருக்குமா?

ஐந்துக்கும் தெளிவான பதில் இருந்தால், கேமரன் மலை இந்தத் தவளைகளை வளர்க்க ஏற்ற இடம்தான். ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால், விவேரியத்தைச் செடிகளோடு மட்டும் தொடங்குங்கள். அதுவே அழகாக இருக்கும். தவளை பார்க்க வேண்டுமென்றால், மழை விட்ட இரவில் விளக்கோடு தோட்டத்து ஓடைப் பக்கம் போய்ப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே கத்துபவை இந்த மலைக்கே சொந்தமானவை.